பூசை போட்ட கயிற்றை வெட்டிய நாள்

என் மைத்துனரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானால் மனம் இளகும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது, இடது காதில் ஓயாத இரைச்சல் வந்தது. இளக்கம் மட்டும் வரவில்லை.

அவர் என் மனைவியின் தம்பி. சிங்கப்பூரில், ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில், பழுதான வாகனங்களை இழுத்து வரும் தொழில் நடத்துகிறார். ஐந்து இழுவை லாரிகள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஒரு வின்ச் இருக்கும். மின்சாரத்தில் சுழலும் ஓர் உருளை, அதில் சுற்றிய கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி, அவ்வளவுதான் அந்தக் கருவி. கால்வாயில் சரிந்த வேனையும் வண்டி நிறுத்தும் நிலவறைக் கார்பேட்டையில் மாட்டிக்கொண்ட லாரியையும் அந்தக் கயிறுதான் இழுத்து மேலே கொண்டுவரும். நான் கப்பல் பட்டறையில் தூக்குக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் எத்தனை மூங்கில் கொம்பில் துணி காய்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்க்கப் பொறுக்காமல், மனைவிதான் தம்பியிடம் சொல்லிப் பட்டறைக்கு அனுப்பினாள். கயிறுகளைக் கவனிப்பது என் வேலை.

முதலில் ஐந்திலும் எஃகு வடம்தான் இருந்தது. எஃகு கனம். அதில் ஒரு கம்பி பிரிந்து நின்றால் கையுறையைத் துளைத்துக்கொண்டு குத்தும். அறுந்தால் ஆளை வெட்டும். அதை எடுத்துவிட்டு, பன்னிரண்டு புரிகளால் பின்னிய செயற்கை இழைக் கயிற்றைப் போடச் சொன்னது நான். அதன் சுருளை ஒரு கையால் தூக்கலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதே பருமனுள்ள எஃகுக்கு இழுவையில் சற்றும் குறைந்ததில்லை. மைத்துனர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன அத்தான், துணி காயப்போடுற கொடி மாதிரி இருக்கு. இதுலயா லாரிய இழுக்கப் போறோம்?”

“இழுக்கும் மாப்ள. ஆனா எஃக வெச்சிருந்த மாதிரி இத வெச்சுக்க முடியாது.”

எஃகுக்கு ஒரே பகை, துரு. இந்தக் கயிற்றுக்குப் பகை நான்கு: சூடு, மண், வெயில், கூர்மையான விளிம்பு. எண்ணெய் கொதிக்கும் சூட்டுக்கெல்லாம் போக வேண்டாம், அதற்கு வெகு முன்னாலேயே இழை பலம் இழந்து, பிறகு உருகிவிடும். மண் துகள் புரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் உள்ளிருந்தே கயிற்றை அறுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நான் பதினொரு விதிகள் வைத்தேன். கயிறு முழுவதையும் அவிழ்க்காதே, உருளையில் பத்துச் சுற்றாவது மிச்சம் இருக்கட்டும், இழை வழுவழுப்பானது, கடைசி முனையின் பிடி பாரம் தாங்காது. முதல் அடுக்கைப் பாரத்தோடு இறுக்கிச் சுற்று, இல்லையென்றால் மேல் அடுக்கு அதற்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். எதையாவது சுற்றிக் கொண்டுவந்து கயிற்றின் மேலேயே கொக்கியை மாட்டாதே. விளிம்பில் உரசினால் உறை போடு. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனத்த போர்வையைப் போடு. பாரத்தில் இருக்கும் கயிற்றைத் தொடாதே, தாண்டாதே, பக்கத்தில் நிற்காதே. இப்படியே பதினொன்று. மைத்துனர் அவற்றுக்கு ‘அத்தானின் பதினொரு கட்டளை’ என்று பெயர் வைத்து, ஆட்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

சேற்றில் புரண்ட கயிறுகளை நான் வீட்டுக்கே கொண்டுவந்து, மென்மையான சவர்க்காரம் கலந்த நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அலசி, கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே நிழலில் காயப்போடுவேன். ஆறு நாற்காலிகளும் அதற்கே சரியாகிவிடும்.

“என் பட்டுப்புடவைய வெயில்ல போட்டா பரவால்ல, உங்க கயித்துக்கு மட்டும் நிழல் கேக்குதா?” என்பாள் மனைவி.

“புடவ அறுந்தா யாருக்கும் பல்லு போகாது.”

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். பிறகு உண்மையாகவே ஒருவருக்குப் பல் போனது.

அந்த வருட ஆயுத பூசைக்குப் பட்டறையைக் கழுவி, கருவிகளையெல்லாம் சாமி படத்துக்கு முன் வரிசையாக அடுக்கிவிட்டுப் பார்த்தால், திருஷ்டிப் பூசணிக்காயை வாங்க மறந்திருந்தார்கள். வயதில் பெரியவன் என்றும் பாராமல் என்னையே தேக்கா சந்தைக்கு அனுப்பினார் மைத்துனர். சந்தையில் நிற்க இடமில்லை. நான் ஒரு பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் டாக்ஸி கிடைக்காமல் அல்லாடித் திரும்பியபோது பூசை முடிந்து, எல்லோரும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள். வின்ச்சுகளுக்கெல்லாம் விபூதி, சந்தனம், குங்குமம். விபூதி என்றாலும் சந்தனம் என்றாலும் கயிற்றுக்கு அது தூள்தான். அவிழ்த்துக் கழுவிப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

“நல்ல நாள்ல சாமிக்கு வெச்சத உடனே கழுவுவாங்களா? தீபாவளிக்கு முன்னாடி எவ்ளோ வேல கெடக்கு. அப்புறம் பாத்துக்கலாம், விடுங்க லா.”

அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் கயிறு அறுந்தது. தோ பாயோவில் ஒரு நிலவறைக் கார்பேட்டையின் சரிவில் காய்கறி லாரி ஒன்று சிக்கியிருந்தது. இழுத்த ஓட்டுநர் எங்கள் ஆட்களில் மூத்தவர், தமிழ் முஸ்லிம், நிதானமானவர். பதினொரு விதிகளையும் கேலி செய்யாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அன்றும் போர்வை போட்டிருந்தார். ஆனால் சரிவு குறுகல், ஒதுங்கி நிற்க இடமில்லை. கயிறு கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்து, வின்ச் பக்கம் துள்ளி வந்து அவர் கன்னத்தில் அடித்தது. மேல் பற்கள் இரண்டு போயின. காதிலிருந்து வாய் ஓரம் வரை ஒரு கோடு விழுந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். கட்டுக்கு நடுவே வாயைச் சிரமப்பட்டு அசைத்து அவர் கேட்டார்: “நீங்க பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன கயிறுதானே அங்கிள் அது?”

பூசைக்கு முன்பு பார்த்தேன், பூசைக்குப் பிறகு பார்க்க விடவில்லை என்று விளக்கினேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நொந்த ஒருவருக்கு முன்னால் அது சால்ஜாப்பாகத்தான் கேட்டிருக்கும்.

மைத்துனருக்கு என் தலையில் கட்டுவது வசதியாக இருந்தது. கிழவருக்குக் கண் போய்விட்டது, தேய்ந்த கயிற்றைத் தேயவில்லை என்று விட்டுவிட்டார் என்று பட்டறையில் சொன்னார். வாடிக்கையாளர்களிடம் சொன்னார். நான் இனி வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லாமல் தன் அக்காவிடம் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது, ரசத்துக்குக் கையைக் குழித்தபடி உரக்கச் சொன்னார்:

“அத்தானுக்குக் கணக்கு நல்லா வரும். கண்ணுதான் சரியா வரல.”

மேசையில் பதின்மூன்று பேர். ஒன்பது பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் சொல்வேன். என் மனைவி சிரிக்கவில்லை, ஆனால் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

சிரித்த ஒன்பது பேரைப் பற்றிக்கூட எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த ஓட்டுநர் நம்ப வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே எத்தனையோ பேர் நின்று வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் ஒரு நல்ல மனிதர், என்னால் பல் போனது என்று நினைத்துக்கொண்டு நடமாடுகிறார். ஆங் மோ கியோ காப்பிக் கடையில் என்னைப் பார்த்தால் வேறு மேசைக்குப் போய்விடுவார்.

அறுந்த கயிற்றின் வின்ச் பக்கத்து நுனியில் ஒரு நீளத் துண்டை நான் முன்பே வெட்டி எடுத்து வைத்திருந்தேன். தேய்ந்து அறுந்த இழை பஞ்சுபோல விரிந்திருக்கும். இந்த நுனியில் பாதிப் புரிகள் கண்ணாடிபோல இறுகிப் பளபளத்தன. உருகி உறைந்த இழை. அது மட்டுமில்லை. அங்கிருந்து நான்கு சாண் தள்ளி அதேபோல ஓர் இறுகிய இடம். அதிலிருந்து நான்கு சாணில் இன்னொன்று. அடுத்த நான்கு சாணில் மற்றொன்று. தேய்மானம் இப்படி அளந்து வைத்து வராது. நான்கு சாண் என்பது நிறையச் சுற்றிய உருளையின் ஒரு சுற்று. ஆக, கயிறு உருளையில் இருந்தபோது மேலிருந்து ஏதோ நெருப்பு, அடுத்தடுத்த நான்கு சுற்றுகளின் மேல், ஒரே இடத்தில் பட்டிருக்கிறது. என்ன நெருப்பு? பக்கத்தில் யாராவது வெல்டிங் செய்தார்களா என்று மைத்துனருக்குப் போன் செய்து கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் பண்ணல அத்தான். முடிஞ்சத ஏன் கெளறுறீங்க? அக்கா பாவம்” என்று வைத்துவிட்டார்.

அந்தத் துண்டைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை மாத்திரை, குடை, கயிறு. எங்கே போனாலும் அவை மூன்றும் கூடவே வந்தன.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் வர மாட்டேன் என்றேன். “நீங்க வரலன்னா எங்க பக்கத்து மனுஷங்க என்ன பேசுவாங்க? என் மொகத்துக்காவது வாங்க” என்றாள் மனைவி. அவள் முகத்துக்காகப் போகவில்லை. புதுக் கயிற்றை எப்படி நாசம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

அந்த வருடம் மைத்துனர் கோலாகலமாக ஏற்பாடு செய்திருந்தார். பட்டுவேட்டி, பட்டுச் சட்டை. புதிதாக வாங்கிய கார் ஒன்று மாலையோடு நின்றது. லாரிக் கூட்டமே வைத்திருந்த ஒரு சீன முதலாளியை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். மறுநாள் காலையிலிருந்து அவருடைய வண்டிகளெல்லாம் எங்கள் பட்டறைக்குத்தான் வரும் என்று பேச்சு. ஐந்து லாரிகளுக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக முப்பது எலுமிச்சம்பழம் வேண்டும். இருபத்தெட்டுதான் வைத்திருந்தார்கள். சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன். ஓட்டுநர் வழக்கம்போல வாசல் தூண் ஓரமாகக் கைகட்டி நின்றார். பூசையில் கலந்துகொள்ள மாட்டார், ஆனால் முடியும்வரை மரியாதையாக நிற்பார். கன்னத்துக் கோடு வெளுத்துத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

மைத்துனரே சூடம் காட்டினார். பித்தளைத் தட்டில் சூடத்தைக் குவியலாகக் கொட்டி, சாமி படத்துக்குக் காட்டி, பிறகு ஒவ்வொரு லாரியாக ஏறி வின்ச்சுக்குக் காட்டினார். நான்காவது லாரியிலிருந்து இறங்கும்போதே தட்டு சுட ஆரம்பித்திருந்தது. வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஐந்தாவதில் ஏறி, மூன்று சுற்றுக் காட்டினார். அதற்கு மேல் கை தாங்கவில்லை. “ஸ்ஸ்” என்று உதறியபடி, எரிகிற தட்டை நேரே உருளையின் மேல், கயிற்றின் மேல், வைத்துவிட்டார். வைப்பதற்கென்றே செய்த பீடம்போல அது பாந்தமாக உட்கார்ந்தது. அவர் விரல்களை ஊதிக்கொண்டே கும்பிட்டார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தட்டின் அடிப்பாகம் எத்தனை சுற்றுகளை மூடுகிறது என்று பார்த்தேன். நான்கு.

ஒரு வருடமாக நான் தேடிய நெருப்பு கண் முன்னால் எரிகிறது. எல்லோரும் அதைக் கும்பிடுகிறார்கள். “தட்டை எடு” என்று கத்தியிருக்கலாம். கயிறு பிழைத்திருக்கும். அதோடு, நல்ல நாளில் கத்திய கிழவன் என்று இன்னொரு பெயரும் எனக்குக் கிடைத்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று நின்றேன். கயிறு போனால் கயிறு. அது அணையும்வரை நானும் கையைக் கூப்பிக்கொண்டுதான் நின்றேன், மற்ற எவரையும்விடப் பக்தியோடு. பிறகு மைத்துனர் தட்டை எடுத்து, அந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். புண்ணின் மேல் களிம்பு பூசியதுபோல அடையாளம் மறைந்தது. போன வருடம் நான் ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, வாடிக்கையாளர் முன்னிலையில், நானே கயிற்றை இழுத்துக் காட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குள் மைத்துனர் கையைத் தட்டினார்.

“எல்லாரும் வாங்க! இந்த வருஷம் புதுசா ஒண்ணு. கோயில்ல தேர் இழுக்குற மாதிரி, நம்ம வின்ச்சால என் புதுக் கார முதல் இழுப்பு இழுக்கப் போறோம். எல்லாரும் வடம் புடிங்க! அக்கா, நீங்க முன்னாடி வாங்க!”

ஐந்தாவது லாரியின் கயிற்றைத்தான் கையால் இழுத்துவந்து காரில் மாட்டினார்கள். பதினேழு பேர் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றின் மேல் கை வைத்தார்கள். சீன முதலாளியும் சிரித்துக்கொண்டே ஒரு கை வைத்தார். கொக்கிக்குப் பக்கத்தில், சந்தனம் பூசிய இடத்துக்கு நேராக, என் மனைவி நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். வின்ச்சின் விசைப்பெட்டி ஓட்டுநர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

கோயில் வடத்தை மனிதர்கள் இழுக்கிறார்கள். இதை இழுப்பது இயந்திரம். கோயில் வடம் பிடித்துப் பழகிய கைகளுக்கு அந்த வித்தியாசம் தோன்றவே இல்லை. நான் திட்டமிட்டிருந்த நாலு வார்த்தையும் மறந்துபோனது. முழங்கால் வலியோடு எப்படி அவ்வளவு வேகமாக ஓட்டுநரிடம் போனேன் என்று தெரியவில்லை.

“தம்பி, பட்டன்லேருந்து கைய எடுங்க. எடுங்க சொல்றேன்.”

ஒரு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் என் முகத்தைப் பார்த்தார். விசைப்பெட்டியின் இணைப்பையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“என்ன பாய், அழுத்துங்க!” என்று கத்தினார் மைத்துனர். பிறகு என்னைப் பார்த்தார். “ஐயோ அத்தான். நல்ல நாள் அதுவுமா ஆரம்பிச்சிட்டீங்களா?”

“எல்லாரும் கயித்த விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. மாப்ள, நீங்க மட்டும் இங்க வாங்க.”

“பதினோரு கட்டள இப்ப வேணாம் அத்தான். சாமிக்குப் பண்றது.”

“சாமிக்கு நீங்க பண்ணதத்தான் காட்டப் போறேன். வாங்க.”

கொக்கியைக் கழற்றிக் கயிற்றைத் தரையில் போட்டேன். வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தேன். என் வேட்டியால் இல்லை, அவருடைய பட்டுவேட்டியால். அவர் பின்னால் நகர்வதற்குள் துடைத்தாகிவிட்டது. நல்ல கயிறு விரலில் நூல்போல வளையும். இந்த இடத்தைப் பிடித்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். பட்ட குச்சிபோல விறைத்து நின்று, நறநறவென்று சத்தம் போட்டது. நான்கு சாண் அளந்தேன், அங்கே இன்னொன்று. மறுபடியும் நான்கு சாண். மறுபடியும்.

“நாலு,” என்றேன். “தட்டுக்கு அடியில நாலு சுத்து.” கைப்பையிலிருந்து பழைய துண்டை எடுத்துப் பக்கத்திலேயே நீட்டி வைத்தேன். இரண்டிலும் இறுகிய இடங்கள் நேருக்கு நேராக அமர்ந்தன. “இது போன வருஷத்துக் கயிறு. இதோட நுனி எங்க பட்டுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

மைத்துனர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார். “சூடத்துல எப்பிடி அத்தான் கயிறு அறும்? நான் என்ன, போன வருஷமும் இங்கேயா வெச்சேன்? யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“எனக்கு இருக்கு பாஸ்.”

விசைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுநர் நடந்து வந்தார். இரண்டு கயிறுகளுக்கும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பழைய துண்டின் பளபளக்கும் நுனியைக் கட்டைவிரலால் நெருடினார். அவருடைய இன்னொரு கை கன்னத்துக்குப் போனது.

“போன வருஷமும் நான் அந்த வாசல் தூண்கிட்டதான் நின்னேன். கை சுட்டுச்சுன்னு அந்த லாரி மேலதான் வெச்சீங்க. அணையிற வரைக்கும் எடுக்கல. நான் ஓட்டுற லாரி, மறக்குமா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன் அங்கிள். சூடத் தட்டு இப்பிடிப் பண்ணும்னு எனக்குத் தோணல. ஒங்களத்தான் நெனச்சேன்.”

“அது பரவால்ல தம்பி” என்றேன். அவர் விஷயத்தில் உண்மையாகவே பரவாயில்லை.

மைத்துனர் விஷயம் அப்படியில்லை. சாமி படத்துக்கு முன்னால் கருவிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அன்று முழுக்க அவற்றைத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். நான் போய், கயிறு வெட்டும் கத்தியைப் பொட்டோடு எடுத்துவந்தேன்.

“ஐயோ, பூசை போட்டதுங்க!” என்றாள் மனைவி.

“கயிறுந்தான் பூசை போட்டது. அதத்தான் வெட்டப் போறேன்.”

இந்தக் கயிறு எளிதில் வெட்டுப்படாது. ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றி, ஒரு பலகையின் மேல் வைத்து, அழுத்தி அழுத்தி அறுக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மைத்துனர் முகம் சுருங்கியது. நல்ல நாளில், கும்பிட்ட கயிறு, உறவினர் அத்தனை பேர் எதிரில், வாடிக்கையாளர் எதிரில். நான் அவசரப்படவில்லை. பன்னிரண்டாவது புரி விடுபட்டதும், நான்கு காயங்களும் உள்ள துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். பழக்கதோஷம்.

சீன முதலாளி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், மறுநாள் காலையில் இந்த லாரி தன் வேலைக்கு வருமா என்று. புது நுனியில் கண்ணி பின்னி, வளையம் மாட்டிக் கொடுத்தால் வரும் என்றேன். யாரால் பின்ன முடியும் என்றார். மைத்துனர் என்னைப் பார்த்தார். அந்தப் பட்டறையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

“அத்தான்...” என்றார்.

“பின்னலாம். எதிர்ப் பக்கம் ஒருத்தர் இழுத்துப் புடிக்கணும்.”

“பாய், கொஞ்சம் புடிங்க” என்றார் மைத்துனர்.

“நான் புடிச்சா சரியா வராது பாஸ்” என்றார் ஓட்டுநர். “எனக்கு ரெண்டு பல்லு கம்மி.”

யாரோ சிரித்தார்கள். சாப்பாட்டு மேசையில் சிரித்த அதே ஒன்பது பேரில் இரண்டு மூன்று குரல்கள் அதில் இருந்தன. எனக்குக் கேட்க நன்றாக இருந்தது.

“நீங்கதான் புடிக்கணும் மாப்ள. தரையில உக்காருங்க. காலை நீட்டி உக்காருங்க.”

பட்டுவேட்டியோடு எண்ணெய்க் கறைத் தரையில் உட்கார்ந்தார். கயிற்றை அவர் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இந்தப் பின்னலின் வயிறு உள்ளே வெற்றாக இருக்கும். நுனியை வளையத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நீண்ட ஊசியால் அந்த வயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் புதைக்க வேண்டும். கயிற்றின் பருமனைப்போல எழுபத்திரண்டு மடங்கு நீளம் உள்ளே போக வேண்டும். புதையும் வால் படிப்படியாக மெலியும்படி புரிகளை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். சரியாகப் புதைத்தால், பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் உள்ளே இருப்பதை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். விடாது. நான் அதை வாய்விட்டு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே செய்தேன். சமையற்காரர் வந்து சோறு ஆறுகிறது என்றார். காத்திருக்கச் சொன்னேன். எழுபத்திரண்டு மடங்கையும் உரக்க அளந்தேன்.

“எவ்ளோ நேரம் அத்தான்?” என்றார் மைத்துனர். தட்டில் சுட்ட விரல் கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கன்றியிருந்தது.

“கைய ஆட்டாதீங்க. ஆட்டுனா ஆளுக்குப் பல்லு போகும்.”

“தெரியாம நடந்துபோச்சு அத்தான்.”

“அன்னிக்கி ரசத்துக்குக் கை நீட்டிக்கிட்டுச் சொன்னீங்களே, அத இப்ப எல்லாரும் இருக்கும்போது மாத்திச் சொல்லுங்க.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என் கண்ணில் கோளாறு இல்லை, தப்பு தன்னுடையது என்று. ஓட்டுநர் பக்கம் திரும்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னேன், இடது காது கேட்காது என்றேன். அதையும் செய்தார். மனைவி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

வால் முழுவதும் புதைந்து, பின்னல் மடிப்பில்லாமல் வழுவழுவென்று படிந்தது. விரலால் நீவிப் பார்த்தேன். கப்பல் பட்டறையில் நான் சான்று கொடுத்த எந்தக் கண்ணிக்கும் அது குறைந்ததில்லை. மைத்துனர் பெருமூச்சு விட்டு, கையைத் தளர்த்தப் போனார்.

“விடாதீங்க” என்றேன். “ஒரு எடத்துல எனக்குத் திருப்தியா இல்ல.”

கண்ணியைப் பிரித்து, வாலை முழுக்க வெளியே உருவி, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். முதல் தடவை பின்னியதில் ஒரு குறையும் இல்லை.